ஏழு மில்லி சாய்வு

திண்டிவனம்
10.3.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள செல்விக்கு அப்பா சவுரிராயன் எழுதுவது.

நீ என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு ஒன்பது நாள். முதல் இரண்டு நாள் என் போன்தான் ரிப்பேர் என்று நினைத்துக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் அழுத்திப் பார்த்துவிட்டு, "பெரியவரே, போனு சூப்பரா கீது. அந்தப் பக்கம் இருக்கறவங்கதான் உங்கள வேணாங்கறாங்க" என்றார். இதைச் சொன்னதற்கு அவருக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.

அதனால் இந்த வழி. டெஸ்ட் வைக்கிற யார்டிலிருந்து தினமும் கம்பெனி வேனில் விழுப்புரம் ஹெட் ஆபீசுக்குப் போகிற ரிசல்ட் பையை உன் மேசையில்தான் பிரிப்பார்கள். சொந்தக் கடிதத்தை அதில் வைக்கக் கூடாது என்று தெரியும். பதினான்கு வருஷத்தில் முதல் தப்பு, மன்னித்துக்கொள்.

மாப்பிள்ளை டெஸ்டில் தேறாததை நினைத்துத்தான் உனக்குக் கோபம். ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன். நம் கம்பெனி வழியாக மஸ்கட் போக ஆசைப்படுகிற கொத்தனார் யாராக இருந்தாலும், ஒலக்கூர் ரோட்டு யார்டில் நான்கு மணி நேரத்துக்குள் நாலடி உயரத்தில் ஒரு மூலைச் சுவர் எழுப்பிக் காட்ட வேண்டும். நான் தூக்குக்குண்டு போடுவேன். மூன்று மில்லி வரை சாயலாம். அதற்கு மேல் போனால் பெயில். பெயிலானவர் தன் சுவரைத் தானே இடித்து, செங்கல்லை அடுக்கிவிட்டுப் போக வேண்டும். மண் சாந்து என்பதால் சுலபமாகப் பிரியும். நான் யார்டுக்கு வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். மாப்பிள்ளை என்பதற்காக மாற்ற முடியுமா?

அவரும் சண்டைக்கு வரவில்லை. இடித்தார், அடுக்கினார், கை கழுவினார். "போயிட்டு வர்றேன் மாமா" என்றார். அவ்வளவுதான்.

அதோடு, விழுப்புரம் ரோட்டில் நாலு இடத்தில் கடைக்கால் தோண்டுகிறார்கள். உள்ளூரில் இத்தனை வேலை கிடக்கும்போது மஸ்கட் எதற்கு?

உன் அம்மா சுகம். பேசு.

அப்பா

*

விழுப்புரம்
12.3.2025

பரிசோதகர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அலுவலகப் பையில் வந்ததால் அலுவலகப் பதில்.

1.3.2025 தேதியிட்ட தங்கள் தாளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான்தான். வரிசை எண் 14. அலெக்ஸ், கொத்தனார். சாய்வு 7 மில்லி. தேறவில்லை. மற்ற இருபத்தொரு பேரும் தேறியிருந்தார்கள்.

நீங்கள் வருவதற்கு முன் மூன்று முறை அவரே குண்டு போட்டுப் பார்த்தாராம். நேராக இருந்ததாம். வீட்டுக்கு வந்து இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

அப்பா, நான் பி.காம்தான் படித்திருக்கிறேன், சுவரைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். சாய்ந்த சுவருக்கும் உள்ளூரில் வேலை கிடப்பதற்கும் என்ன சம்பந்தம்? பெயிலானதற்குக் காரணம் சுவர் என்றால் கடைக்கால் எங்கே வந்தது?

ஒன்று என் வீட்டுக்காரர் சுமாரான கொத்தனார். இல்லையென்றால் என் அப்பா பொய் எழுதுகிறவர். இரண்டில் எது என்று தெரிந்தால் போதும். அதுவரை போன் வேண்டாம். போனில் நீங்கள் சிரிக்க வைத்துவிடுவீர்கள்.

அந்த நாலு கடைக்காலுக்கு முன்னால் ஒரு பலகை நிற்கிறதே, படித்தீர்களா? அது நம் கம்பெனியே இல்லை.

ஆரோக்கியசெல்வி

*

திண்டிவனம்
15.3.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள செல்விக்கு,

கண்ணாடியை எடுத்துக்கொண்டு மொபெட்டில் போய்ப் பலகையைப் படித்தேன். நீ சொன்னது சரி. யாரோ சென்னைக்காரர்கள். இரண்டு மாதமாக அதைப் பார்த்து, நம்ம முதலாளி மகன் சின்னவர் எவ்வளவு வேலை பிடித்திருக்கிறார் என்று டீக்கடையில் பெருமை பேசியிருக்கிறேன். யாரும் திருத்தவில்லை. அங்கே ஒருவருக்கும் கண்ணாடி இல்லை போலிருக்கிறது.

ஆனாலும் நான் நினைத்ததில் தப்பு உண்டா, சொல். நான் மஸ்கட் போன 2004இல் கம்பெனிக்கு வெளிநாட்டில் நானூறு பேர், இங்கே நாற்பது பேர். இங்கே இருந்தவர்களை "மிச்சம்" என்றே கூப்பிடுவார்கள். பிறகு வெளிநாட்டு வேலை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. கொரோனா வருஷம் எல்லோரும் ஏரோப்பிளேனில் திரும்பி வந்துவிட, யார்டில் ஆடு மேய்ந்தது. ஒரு வருஷம் நான் பாஸ் போட்டதெல்லாம் ஆட்டுக்குத்தான். அப்புறம்தானே சின்னவர் உள்ளூரைக் கையில் எடுத்தார்? ஸ்கூல் கட்டடம், ஹாஸ்டல், அடுக்குமாடி. முதலாளி அரங்கநாதன் வாயாலேயே, "இனிமே நம்ம சோறு இங்கதான்" என்றார். அவர் அண்ணன் பெரியவர் வெளிநாட்டு செக்‌ஷனை வைத்துக்கொண்டு மாடியில் விசிறியோடு கிடந்தார். ஆபீசில் இருக்கிற ஒரே நல்ல ஏசி சின்னவர் ரூமுக்கு வந்தது.

இப்போது ஏசி யாரிடம் இருக்கிறது? அதை மட்டும் சொல்.

நீ கேட்ட கேள்விக்கு அடுத்த கடிதத்தில் பதில் எழுதுகிறேன். கை வலிக்கிறது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, பரீச்ச எழுதுறியா? ஒம்போதாவது பாஸ் பண்ணலாம்னு கீறியா?" என்கிறாள்.

அப்பா

*

விழுப்புரம்
4.4.2025

அப்பா,

மூன்று வாரமாக அடுத்த கடிதத்துக்காகக் காத்திருந்தேன். பையில் ரிசல்ட் தாள்தான் வந்தது. கை வலி அவ்வளவு நாள் இருக்காது.

ஏசியைப் போன திங்கட்கிழமை கழற்றி மாடிக்கு ஏற்றினார்கள். பெரியவர் ரூமில் மாட்டியாயிற்று. ஓமனில் முந்நூறு கொத்தனார் கேட்கிற வேலை ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கிறது. சின்னவருக்கு டிசம்பருக்குப் பிறகு ஒரு புது ஆர்டர்கூட வரவில்லை. திண்டிவனம் ஹாஸ்டல் ஜூன் மாதம் முடிகிறது. அதோடு உள்ளூர் பிரிவை மூடுகிறார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றார்கள். லிஸ்டை டைப் அடித்ததும் நான்தான். வெளிநாட்டு லிஸ்டில் இருப்பவர்கள் போகிறார்கள். உள்ளூர் லிஸ்டில் இருக்கும் அறுபத்திரண்டு பேருக்கும் ஜூன் முப்பதோடு வேலை இல்லை. அதில் அலெக்ஸ் பதினேழாவது.

பெயிலானவர் ஆறு மாதம் கழித்துத்தான் மறு டெஸ்டுக்கு வரலாம். ஓமன் ஆட்கள் ஜூலையில் ஏறுகிறார்கள்.

இது இல்லாமல் வீட்டில் ஒன்று நடக்கிறது. இவர் தூக்குக்குண்டைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றுகிறார். கதவு நிலைக்குப் போடுகிறார். பீரோவுக்குப் போடுகிறார். நேற்று காலண்டர் ஆணிக்குப் போட்டார். "இன்னாங்க பண்றீங்க" என்று கேட்டால், "என் கண்ணு எனக்கு சரியா சொல்லுதான்னு பாக்குறேன்" என்கிறார். சைட்டில் முன்பு ஒரு நாளில் கட்டியதை இப்போது ஒன்றரை நாள் கட்டுகிறாராம். கட்டியதைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாராம். மேஸ்திரி போன் போட்டு, "தம்பிக்கு உடம்பு சரியில்லையாம்மா" என்று கேட்டார்.

என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. பதில் எழுதுங்கள்.

செல்வி

*

திண்டிவனம்
8.4.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு யார்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். காவல்காரர், "இன்னா மேஸ்திரி, எதுனா தொலச்சிட்டியா" என்று கேட்டார். நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழித்ததில் உன் அம்மாவுக்கு அடுப்பு பற்றவைக்கக் காகிதம் சேர்ந்துவிட்டது. விளையாட்டை நிறுத்துகிறேன்.

சுவர் நேராக இருந்தது.

நானும் மூன்று முறைதான் குண்டு போட்டேன், ஏதாவது கிடைக்காதா என்று. கிடைக்கவில்லை. ஏழு என்று எழுதினேன். நான்கு என்று எழுதினால் இன்னொருவரை விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். ஏழு என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். பொய் எழுதும்போதுகூட என் அனுபவம் எனக்குக் கைகொடுத்தது, பார்.

அங்கே வெயில், கஷ்டம், அதனால் அப்பா தடுத்தார் என்று நீ நினைப்பாய். அப்படி நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம் என்றுதான் முதலில் எழுதினேன். அதுதான் கிழித்த காகிதம்.

2008இல் எனக்கு லீவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம், எல்லோருக்கும் உண்டு. என் பேருக்கு டிக்கெட்டும் வந்தது. "கம்பெனி லீவு தரவில்லை" என்று உன் அம்மாவுக்கு எழுதினேன். கம்பெனி தந்தது. நான்தான் வரவில்லை. 2010லும் வரவில்லை.

எனக்கு அங்கே சந்தோஷமாக இருந்தது, செல்வி. சாயங்காலம் வேலை விட்டால் குளித்துவிட்டு எட்டு பேர் சேர்ந்து மீன் வறுப்போம். வெள்ளிக்கிழமை கடற்கரையில் கிரிக்கெட். நான் விக்கெட் கீப்பர், பந்து என்னைத் தாண்டித்தான் போகும், ஆனாலும் என்னையே நிறுத்துவார்கள். கூரை ஒழுகுகிறது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. மச்சான் வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கவில்லை. மாதம் பிறந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நல்லவன். நல்லவனாக இருப்பதற்கு அவ்வளவு சுலபமான இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2008இல்தான் உன் புதுநன்மை, கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கினாய். வெள்ளை கவுனோடு நீ நின்ற போட்டோ தபாலில் வந்தது. கட்டிலுக்கு மேலே ஒட்டி, ரூமில் எல்லோருக்கும் காட்டினேன். எல்லோரும் "உன்ன மாதிரியே கீதுய்யா" என்றார்கள். பெருமையாக இருந்தது. பிறகு கிரிக்கெட் ஆடப் போய்விட்டேன்.

மாப்பிள்ளை நல்ல மனுஷர். அதுதான் என் பயம். கெட்டவராக இருந்தால் அங்கே ஒத்துவராமல் ஓடி வந்துவிடுவார். நல்லவர்களுக்குத்தான் அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அவர் சுவரைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கடற்கரைதான் கண்ணில் தெரிந்தது.

இதை உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே. சொல்வதென்றால் நானே சொல்கிறேன். சொல்வேனா என்று தெரியவில்லை.

அப்பா

*

விழுப்புரம்
10.4.2025

அப்பா,

அம்மாவுக்குத் தெரியும்.

புதுநன்மைக்கு ஒரு வாரம் முன்னால் உங்களோடு மஸ்கட்டில் இருந்த ஒலக்கூர் விருத்தாசலம் மாமா வீட்டுக்கு வந்தார். பேரீச்சம்பழப் பெட்டியும் தலைவலித் தைலமும் கொண்டு வந்தார். "உங்க வூட்டுக்காரரு தங்கமானவரும்மா. என் பொண்ணு கல்யாணத்துக்கு லீவு கெடைக்காம தவிச்சினு இருந்தேன். அவரு லீவ எனக்கு வுட்டுக் குடுத்துட்டாரு" என்று சொல்லி அழுதார். அம்மா அவருக்குக் காபி கொடுத்து, "அப்போ அவுரு எப்போ வர்றாராம்?" என்று கேட்டாள். "கேட்டேம்மா. இப்போதிக்கி இன்னா அவசரம்னுட்டாரு" என்றார். உங்களைப் புகழ்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

நான் அந்தப் பழத்தைத் தின்றுகொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் போன பிறகு அம்மா என்னிடம், "ஒங்கப்பாவுக்கு லீவு கெடைக்கலடி. அவ்ளோதான்" என்றாள். நானும் சரி என்றேன். எனக்குப் பத்து வயது. எது நான் சொல்ல வேண்டிய பதில் என்று தெரிந்திருந்தது.

இதை எழுதக் கூடாது என்றே பதினேழு வருஷம் இருந்தேன். நீங்கள் எழுதிவிட்டதால் எழுதுகிறேன்.

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அலெக்ஸ் நீங்கள் இல்லை. உங்களைவிட நல்லவராக இருக்கலாம், மோசமாகவும் போகலாம். அதை நான் வாழ்ந்துதான் பார்க்க வேண்டும். நீங்கள் குண்டு போட்டுச் சொல்ல முடியாது. இரண்டு வருஷம் போய் வருவது என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. அந்த முடிவையும் சேர்த்துத்தான் நீங்கள் இடிக்கச் சொன்னீர்கள்.

என்னிடம் எழுதியதைக் கம்பெனிக்கு எழுதுங்கள். என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கும் தெரிந்துதான் கேட்கிறேன்.

செல்வி

*

திண்டிவனம்
25.4.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள செல்விக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வருகிறதே என்று யோசித்திருப்பாய். ரிசல்ட் பையைத் தொட எனக்கு இப்போது உரிமை இல்லை.

செவ்வாய்க்கிழமை விழுப்புரம் வந்தேன். மாடிப்படி ஏறும்போது கண்ணாடிக் கதவு வழியாக உன் முதுகு தெரிந்தது. நீ திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் இறங்கியிருப்பேன். நல்ல வேளை.

பெரியவர் ரூமில் குளிர் அடித்தது. எழுதிக் கொடுத்த தாளை இரண்டு முறை படித்தார். "சவுரி, மீதி இருவத்தோரு சுவரும் நேரா இருந்துச்சா, இல்ல அதுவும் உன் மனசுக்குத் தோணுன மாதிரிதானா?" என்றார். "நேராதாங்க இருந்துச்சு" என்றேன். "நீ சொல்றத இனிமே எத வெச்சு நம்புறது?" என்றார். பதினான்கு வருஷமாக என் கையெழுத்துக்கு இருந்த மரியாதை, அந்த ஒரு கேள்வி கேட்கிற நேரத்தில் போய்விட்டது. நியாயமான கேள்வி.

இருபத்திரண்டு ரிசல்ட்டும் ரத்து. சென்னையிலிருந்து வேறு பரிசோதகர் வந்து ஜூன் ஏழாம் தேதி எல்லோருக்கும் மறு டெஸ்ட் வைக்கிறார். மாப்பிள்ளை பேரும் அதில் உண்டு.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. முதலாளி பெரியவருக்குப் போன் போட்டு, பழைய ஆள் என்று சொன்னாராம். யார்டிலேயே செங்கல் நனைக்கிற வேலை. காலையில் தொட்டியில் தண்ணீர் பிடித்து, செங்கல்லை முக்கி எடுத்து, டெஸ்டுக்கு வருகிறவர்களுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். ரசமட்டம் பிடித்த கைக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் விரல் நுனியெல்லாம் சுருங்கிக் கிடக்கிறது.

தேறியிருந்த இருபத்தொரு பேர்தான் விடவில்லை. டீக்கடையில் ஒருத்தர் சட்டையைப் பிடிக்காத குறை. "யோவ், உன் வூட்டு ரோதனைக்கு எங்க பொழப்ப ஏன்யா இழுக்குற? ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன்யா, போறேன்னு!" என்றார். அவர் டீக்கும் சேர்த்து ஆர்டர் சொன்னேன். கோபத்தோடேயே குடித்தார். இன்னொருத்தர் தினமும் காலையில் கேட்கிறார், "இன்னா மேஸ்திரி, இன்னிக்கி எத்தினி மில்லி?"

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மல்லாட்டை ஓட்டை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "அந்த தைலம் நல்லா கேட்டுச்சு. எனக்கு அப்பல்லாம் தெனம் தலைவலி" என்றாள். நான்கு நாளாக அந்த ஒரு வாக்கியத்தோடு நடந்துகொண்டிருக்கிறேன்.

அப்பா

*

விழுப்புரம்
9.6.2025

அப்பா,

தேறிவிட்டார். இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் தேறியிருக்கிறார்கள். புதுப் பரிசோதகரின் தாள் இன்று காலை என் மேசைக்கு வந்தது. வரிசை எண் 14 வரும் வரை மேலே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். முன்னால் தாவிப் பார்க்கவில்லை.

ஜூலை 18, வெள்ளிக்கிழமை விமானம்.

உள்ளூர் பிரிவு மேசைகளை எடுத்தாகிவிட்டது. என்னை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். வெளிநாட்டு ஆட்களின் லீவு லிஸ்ட் இனி என் வேலை. யாருக்கு எப்போது லீவு, யார் வந்தார்கள், யார் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள், எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகும். இதை அலெக்ஸிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

அம்மாவுக்குத் தெரிய ஒரு விருத்தாசலம் மாமா வர வேண்டியிருந்தது. எனக்கு யாரும் வர வேண்டாம்.

உங்கள் விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

செல்வி

*

திண்டிவனம்
14.7.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள செல்விக்கு,

நேற்றுப் பூசை முடிந்ததும் மாப்பிள்ளை சொல்லிக்கொள்ள வந்தார். உன்னையும் கூப்பிட்டதாகவும், நீ துணி மடிக்க வேண்டும் என்று சொன்னதாகவும் சொன்னார். ஒரு பெட்டித் துணியை எத்தனை நாள் மடிப்பாய்? பரவாயில்லை.

உன் அம்மா கேப்பை அடையும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு அவர் போகாமல் உட்கார்ந்திருந்தார். நானும் எழுந்திருக்கவில்லை. "மாமா, ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்க மாப்ள."

"மார்ச் மாசம் நான் கட்டுனது. நெசமாவே நேரா இருந்துச்சா? செல்வி சொல்லிச்சு. பெரியவரு சொன்னாரு. நீங்க சொல்லி நான் கேக்கல."

"நேரா இருந்துச்சு மாப்ள. ஒரு மில்லிகூட இல்ல. நான் அங்க பாத்ததுலயே நல்ல சுவரு அது."

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குத்தான் வந்தேன்" என்றார்.

ஜூன் டெஸ்ட் அன்று செங்கல் கொண்டுபோய் வைத்தது நான்தான். அவர் ஒவ்வொரு வரிசைக்கும் குண்டு போட்டார். முன்பு மூன்று வரிசைக்கு ஒருமுறைதான் போடுவார். நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான் கடைசிக் கல்லை வைத்தார். தேறிய சுவரை மறுநாள் காலை வரை விட்டுவைப்பார்கள். எல்லோரும் போன பிறகு, எனக்கு உரிமை இல்லைதான், என் குண்டை எடுத்துப் போட்டேன். இரண்டு மில்லி. பாஸ்தான். ஆனால் மார்ச்சில் ஒன்றும் இல்லாத இடத்தில் இப்போது இரண்டு மில்லி. அந்த இரண்டும் என்னுடையது. இதை அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம், சிரிக்காமல் படி. என் பாஸ்போர்ட் காலாவதியாகிப் பல வருஷம் ஆகிறது. புதிதாக எழுதிப் போட்டிருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் எந்த நாட்டிலும் யாரும் எனக்கு வேலை தர மாட்டார்கள், தெரியும். வேலைக்குப் போக இல்லை. உன் லிஸ்டில் மாப்பிள்ளைக்கு லீவு வந்து, அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், அன்றைக்கே எனக்குச் சொல். நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்தக் கடற்கரைக்கு வழி எனக்குத் தெரியும். அங்கே எந்த நேரத்தில் என்ன சொன்னால் ஒரு ஆள் எழுந்து வருவார் என்றும் தெரியும். எனக்கு அதை யாரும் வந்து சொல்லவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விழுப்புரம் போஸ்ட் ஆபீசில் பாஸ்போர்ட்டுக்குக் கைரேகை வைக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். உன் அம்மாவும் வருகிறாள். "இந்தாளு கைரேக விழாது, தண்ணியில ஊறிப் போச்சு, நான் வந்து சொல்றேன்" என்கிறாள். அதை முடித்துவிட்டு உன் வீட்டுக்கு வந்து இரவு தங்கி, காலையில் மாப்பிள்ளையை ஏற்றிவிடலாம் என்று அவள் திட்டம். நான் வாசல் வரை வருகிறேன். உள்ளே வரலாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

பதில் எழுத நேரம் இருக்காது. போன் பண்ணிவிடு.

அப்பா